லிமிட்டை வங்கி சொல்லட்டும், வரம்பை நாம் குறிப்போம்

மாதச் சம்பளத்தைப் போல மூன்று நான்கு மடங்கு லிமிட் உள்ள கிரெடிட் கார்டு இன்று பலர் கையில் இருக்கிறது. அந்தத் தொகையைத் தங்கள் செலவுத் திறனுக்கு வங்கி கொடுத்த சான்றிதழாக நினைப்பவர்கள் ஏராளம். ஆனால் வருமானம், பழைய கடன்கள், சிபில் ஸ்கோர் ஆகியவற்றைப் பார்த்து வங்கி முடிவு செய்வது, தன் பணம் திரும்பி வருமா என்பதை மட்டும்தான். வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், பெற்றோரின் மருந்துச் செலவு எல்லாம் போக மாதக் கடைசியில் என்ன மிஞ்சும் என்பது நமக்குத்தான் தெரியும். ஆகவே லிமிட் எத்தனை லட்சமாக இருந்தாலும், கெடு தேதிக்குள் முழுசாகக் கட்ட முடிகிற தொகையே நம் வரம்பு.

லிமிட் கூடினால் செலவும் கூடிவிடுமா, அது அவரவர் கட்டுப்பாட்டைப் பொறுத்ததில்லையா என்று கேட்கலாம். அமெரிக்கப் பொருளியலாளர்கள் டேவிட் கிராஸ், நிக்கோலஸ் சூலெலஸ் இருவரும் ஏராளமான கார்டு கணக்குகளை ஆராய்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லிமிட்டை 100 டாலர் உயர்த்தினால், கடன் சராசரியாக 10 முதல் 14 டாலர் வரை கூடியது. பழைய லிமிட்டைக்கூட எட்டாதவர்களின் கடனும் ஏறியது. கட்டுப்பாடு உள்ளவர் என்று நம்மை நாமே நம்புவது மட்டும் போதாது என்பதற்கு இது போதுமான சாட்சி.

அப்படி ஏறும் கடனுக்கு நாம் எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று பார்ப்போம். ஒரு லட்சம் ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 3,500 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630 ரூபாய். மினிமம் டியூ என்று 5,000 ரூபாய் கட்டினால், அதில் 4,130 வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். அசலில் குறைவது 870 ரூபாய்தான். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. கார்டு வட்டிக்கு ஆண்டுக்கு 30 சதவீதம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் விதித்த உச்சவரம்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

அப்படியானால் லிமிட்டையே குறைத்துவிடலாமே என்றால், அது அவசியமில்லை. மாதம் 50,000 ரூபாய் செலவு செய்பவருக்கு லிமிட் ஒரு லட்சமானால் பயன்பாடு 50 சதவீதம். ஐந்து லட்சமானால் வெறும் 10 சதவீதம். பயன்பாடு குறைவாக இருப்பது ஸ்கோருக்கு நல்லது. திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பெரிய லிமிட் கைகொடுக்கும். ஆனால் உடனே கட்ட முடியாவிட்டால், குறைந்த வட்டியில் வேறு கடன் வாங்கியாவது கார்டு பாக்கியை முடித்துவிட வேண்டும். ரிவார்டு பாயின்ட் வருகிறதே என்பவர்கள், நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓரிரு ரூபாயை ஒரே மாத வட்டி விழுங்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

நம் வரம்பைத் தாண்டாமல் இருப்பதற்கான வழிகள் நம் கையிலேயே இருக்கின்றன. வெளிப்படையான சம்மதம் இல்லாமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி, வேண்டாமென்றால் மறுத்துவிடலாம். ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளுக்குத் தனித்தனி உச்சவரம்பு வைக்கவும், தேவையில்லாததை நிறுத்தி வைக்கவும் வங்கியின் ஆப்பிலேயே வசதி உண்டு. ஆட்டோ டெபிட் போடும்போது மினிமம் டியூவை விட்டு மொத்த டியூவைத் தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுக்காதீர்கள். அதற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அடுத்த ஸ்டேட்மென்ட் வருவதற்குள், உங்களால் முழுசாகக் கட்ட முடிகிற தொகை எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டு, அதையே உங்கள் லிமிட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.