பவுனும் தோலாவும்

சென்ற தை மாதம் நம் விடுதி நண்பர் ஒருவரின் தங்கைக்குத் திருமணம் நடந்தது. பெண்ணுக்கு ஐந்து பவுனில் சங்கிலி போடுவதாக ஊரில் பேச்சு. ஈராண்டுகள் மாலை வேளைகளில் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில், அச்சங்கிலியைத் தில்லியிலேயே வாங்கி வருவதாக அண்ணன் சொல்லியிருந்தார்.

கடைக்குப் போகுமுன் எங்கோ ஓர் அட்டவணையைப் பார்த்தார். ஒரு தோலா 11.664 கிராம் என்றிருந்தது. ஐந்து பவுன் என்பது 40 கிராம். அப்படியானால் மூன்றரைத் தோலா போதும், சிறிது மிஞ்சவும் செய்யும் என்று கணக்கிட்டார். கரோல்பாக்கில் ஒரு கடையில் மூன்றரைத் தோலா கேட்டு வாங்கினார். நினைத்ததைவிட விலை குறைவாக இருக்கவே மகிழ்ச்சியோடு ரயிலேறினார். ஊரில் நிறுத்தபோது தராசு 35 கிராம் காட்டிற்று!

கடைக்காரர் ஏமாற்றவில்லை. பில்லில் 35 கிராம் என்றே எழுதி, அதற்குரிய பணமே வாங்கியிருந்தார். அவர் அறிந்த தோலா 10 கிராம். நண்பர் படித்த தோலா வேறு. ஐந்து கிராம் குறையை நிரப்ப அம்மா தம் தோட்டையும் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார். அறிவியல் படிக்கும் நாம் இந்தச் சிறு கணக்கில் சறுக்கலாமா என்று அன்றிரவு முழுதும் எனக்கு உறக்கமில்லை. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

முதலில் பழைய தோலாவைப் பார்ப்போம். கம்பெனி ஆட்சியில் 1833-இல் வங்காளத்தில் வந்த ஒழுங்குமுறை, தோலாவை 180 கிரெயின் என்று வரையறுத்தது. 1835-இன் நாணயச் சட்டப்படி வெள்ளி ரூபாயின் எடையும் அதுவே. ஆகவே தேயாத வெள்ளி ரூபாய் ஒன்று கையிலிருந்தால் அதுவே ஒரு தோலாப் படிக்கல். ஒரு கிரெயின் 64.799 மில்லிகிராம்; 180-ஆல் பெருக்கினால் 11.664 கிராம் வருகிறது. ஒரு தோலாவுக்கு 12 மாஷா, ஒரு மாஷாவுக்கு 8 ரத்தி. மாஷா ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு, 0.972. ரத்தி 121.5 மில்லி. (ஒரு நொடியில் தோலா, மறு நொடியில் மாஷா என்று நிலையில்லா மனத்தாரைப் பற்றி இந்திக்காரர் சொல்வதுண்டு. தோலாவே அப்படி ஆகிவிட்டது பாருங்கள்!) வங்காளிகள் இதே எடையைப் பரி என்பர், அதற்கு 16 ஆனா.

1956-இல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வந்தன. பொன் விலையைப் பத்துக் கிராமுக்கு இவ்வளவு என்று கூறுவது வடக்கே வழக்கமாயிற்று. பேச்சில் தோலா போகவில்லை. பலர் அந்தப் பத்துக் கிராமையே தோலா என்று சொல்லத் தொடங்கினர். ஆக, இன்று ஒரே பெயரில் இரண்டு எடைகள் உலவுகின்றன. இடைவெளி தோலாவுக்கு 1.664 கிராம்.

நம் பவுனிலும் இப்படி ஒரு சுருக்கம் உண்டு. சவரன் என்ற ஆங்கில நாணயத்தின் எடை 7.988 கிராம்; நாம் கொள்வது 8. வேறுபாடு 12 மில்லி. ஐந்து பவுனுக்கும் சேர்த்து அரை ரத்திகூட இல்லை. இதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம். அந்நாணயத்தில் 12 பங்கில் 11 பங்கு பொன். வகுத்துப் பாருங்கள், கடைப்பலகைகளில் காணும் 916 கிடைக்கும்.

மருந்துச் சீட்டில் இன்னும் கவனம் வேண்டும். ஊரிலிருந்து சித்த மருந்து வரவழைப்போர் நம்மிடையே சிலர் உண்டு. சித்த மருத்துவ நூல்களில் இன்று கொள்ளும் அளவுகள்: குன்றிமணி 130 மில்லிகிராம், பணவெடை 488 மில்லிகிராம், வராகனெடை 4.2 கிராம், கழஞ்சு 5.1 கிராம், பலம் 35 கிராம். ரத்தியும் குன்றிமணியும் ஒரே கொடியின் விதைதான். ஆயினும் ஒன்று 121.5, மற்றது 130. நூற்றுக்கு ஏழு வேறுபாடு. ரத்தி என்பது தோலாவை 96-ஆல் வகுத்து வந்த எண், அதாவது 1.875 கிரெயின். குன்றிமணியோ ஏறக்குறைய 2 கிரெயின். ஒன்றன் எண்ணை மற்றதன் வாய்பாட்டில் புகுத்தக் கூடாது. விதைதான் உண்மை சொல்லும் என்று எண்ணி, ஒரு கைப்பிடிக் குன்றிமணியை ஆய்வுக்கூடத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். இரண்டு விதைகள்கூட ஒரே எண்ணைக் காட்டவில்லை. (அவ்விதை கொடிய நஞ்சு, விளையாட்டுக்கும் கடிக்க வேண்டாம்.)

பலத்தில் ஒரு வியப்பு. பழைய தோலா மூன்று சேர்ந்தால் 34.99 கிராம், அதாவது ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர், 280 கிராம். அதே 280 கிராம் 35 பவுன். எனவே பழைய தோலா 24-க்குப் பவுன் 35. பாட்டி காலத்துக் கணக்கேட்டில் தோலா என்றிருந்தால் இதைக் கொள்க. இன்றைய தில்லிக் கடைப் பேச்சானால் பெரும்பாலும் தோலா 4-க்குப் பவுன் 5. நண்பர் கேட்டிருக்க வேண்டியது நான்கு தோலா.

எதையும் ஊகிக்காமல் "கித்னே கிராம்?" என்று கேட்பதே நலம், இந்தி சரியாக வராதவர்க்கும் இவ்விரண்டு சொற்கள் வரும். கல்லும் அரக்கும் நீக்கிய எடையா என்பதையும் உடன் கேளுங்கள். செய்கூலி, சேதாரம் எல்லாம் அதன் பிறகு.

அடுத்த மாதம் நண்பரும் நானும் மறுபடி கரோல்பாக் போகிறோம், அம்மாவுக்குத் தோடு வாங்க. தோலா என்ற சொல்லே இல்லாமல், மூன்று கிராம் என்று சீட்டில் எழுதி வைத்தாயிற்று.