நடிப்புக் கலையை நாடும் இளைஞர்

“நடிகனாக வேண்டுமென்பதே என் விருப்பம்” என்று பதினாறு வயது மகன் வாய்விட்டுச் சொல்லும் வேளையில், தமிழ் இல்லங்களிற் பெரும்பாலும் மகிழ்ச்சி தோன்றுவதில்லை. “கூத்தாடிப் பிழைக்கவா உன்னைப் படிப்பிக்கிறோம்?” என்று தகப்பனார் சினப்பார். தாயார் ஒன்றும் பேசாது அடுக்களைக்குட் போய்விடுவார். அன்று தொடங்கும் மௌனம் பல நாள் நீடிப்பதும் உண்டு. அதனையே மகள் சொல்லிவிட்டாலோ அச்சம் இருமடங்காகும்.

இந்தச் சினமும் அச்சமும் காரணமற்றவை அல்ல. நடிப்பையே நம்பி வாழ்ந்தவர்கள் முதுமையில் வறுமையுற்றதைப் பெரியோர் கண்டிருக்கின்றனர். ஆயினும் பிள்ளையின் விருப்பம் இகழத்தக்கதன்று. ஆகவே ஆராயவேண்டிய வினா, நடிக்கலாமா கூடாதா என்பதன்று. எங்கே தொடங்குவது, எவ்வாறு தொடங்குவது என்பதேயாம்.

முன்னாளிலே தமிழகத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867 – 1922) காலத்திலே சிறுவர் நாடகக் கம்பனிகள் பல தோன்றின. வறிய வீட்டுப் பிள்ளைகள் இளவயதிலேயே அவற்றிற் சேர்ந்தனர். உணவும் உறையுளும் கம்பனியிலே. பாட்டையும் வசனத்தையும் நெட்டுருப் பண்ணுவதே கல்வி. கண்டிப்பு மிக்க அப்பயிற்சி சிறந்த நடிகர்களை உருவாக்கியதென்பது உண்மை. ஆனால், குரல் உடையும் பருவம் ஒன்று உண்டல்லவா? நாடகக்காரர் அதனை ‘மகரக்கட்டு’ என்பர். இனிய குரலாற் பெண்வேடம் பூண்டு புகழ்பெற்ற சிறுவன், மகரக்கட்டு வந்ததும் அவ்வேடத்தை இழந்தான். பள்ளிப்படிப்போ எப்போதோ நின்றுவிட்டது. வேடமும் இன்றி, படிப்பும் இன்றி அவன் நின்ற நிலையை எண்ணிப்பார்த்தால், இக்காலத்துப் பெற்றோர் அஞ்சுவதன் காரணம் விளங்கும்.

அப்பயிற்சியில் தேர்ந்தோருக்கும் புகழ் உடனே வந்ததில்லை. இலங்கையிற் பிறந்து, சிறுவர் கம்பனியிற் பயின்ற எம். ஜி. இராமச்சந்திரன், 1936ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சதி லீலாவதி’ என்னும் படத்திற் சிறு வேடமே பெற்றார். ‘ராஜகுமாரி’ என்னும் படத்திற் கதாநாயகனாகத் தோன்றியது 1947ஆம் ஆண்டில். இடையே கழிந்தவை 11 ஆண்டுகள். சிவாஜி கணேசனும் 1952இல் ‘பராசக்தி’ வெளிவருமுன்னர் நெடுங்காலம் மேடையிலே நின்றவர். வெள்ளித்திரையில் ஒரே நாளில் உதித்தவர்கள் போல இவர்கள் தோன்றினரெனின், அது பார்ப்பவர் மயக்கமேயாம்.

இனி, மற்றொரு வழியை நோக்குவோம். 1891ஆம் ஆண்டிலே சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தபோது, பம்மல் சம்பந்த முதலியாருக்கு வயது 18. நாடகத்தின்மேற் கொண்ட காதலால் அவர் கல்வியைக் கைவிட்டாரல்லர். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். பின்னர் நீதிபதியாயும் இருந்தார். நாடகத்தையும் இறுதிவரை விடவில்லை. இலங்கையிலே அவர் வழியைப் பின்பற்றியவர் கலையரசு க. சொர்ணலிங்கம். 1913இற் கொழும்பிலே லங்கா சுபோத விலாச சபை உருவாக உழைத்த அவர், தம் மேடை வாழ்வின் வரலாற்றை ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்னும் நூலாக எழுதிவைத்தார். வயிற்றுக்கு ஒரு தொழிலும் உள்ளத்துக்கு ஒரு கலையுமாக வாழலாம் என்பதற்கு இத்தகையோர் சான்றாவர்.

பயிற்சிக்கு எங்கே போவது? பலருக்கு அது சொந்த ஊரிலேயே உளது. மட்டக்களப்புக் கிராமங்களிலே கூத்துப் பழக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். அண்ணாவியார் ஒவ்வொருவருடைய குரலையும் உடலையும் நோக்கி, இன்னாருக்கு இன்ன வேடம் எனத் தீர்மானித்துப் பாட்டேட்டைக் கொடுப்பார். இதனைச் ‘சட்டங் கொடுத்தல்’ என்பர். பின்னர் இரவு தோறும் ஆட்டமும் பாட்டும் பழக்கப்படும். ஆட்டம் ஓரளவு கைவந்த பின்னரே சதங்கை அணிதல் நிகழும். முழுக் கூத்தையும் ஆடிப்பார்க்கும் ‘அடுக்குப் பார்த்தல்’ அதன்பின் வரும். இவையெல்லாம் முடிந்தாலன்றி அரங்கேற்றம் இல்லை. இம்முறையிலே ஓர் இளைஞன் கற்பவை பல: தாளந் தவறாமை, மூச்சடக்கிப் பாடுதல், பெரியோர்க்குப் பணிதல், தன் முறை வரும்வரை பொறுத்தல். இவற்றுள் இறுதியாகச் சொன்னதே நடிகனுக்கு மிகவும் வேண்டப்படுவது.

இக்கூத்து படித்தவர்க்கு ஆகாதது என்ற எண்ணம் ஒருகாலத்தில் நிலவியது. அதனை மாற்றியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களை அவர் மேடையேற்றினார். ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் நாடகப் பேராசிரியராக விளங்கினார். யாழ்ப்பாணத்திலே 1978ஆம் ஆண்டில் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும் இளைஞர் பலருக்கு முறையான பயிற்சி அளித்தது. இன்று உயர்தர வகுப்பிலே ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடமாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் அதனை மேலும் கற்கலாம். ஆகவே, படிப்பா நடிப்பா என்று தகப்பனும் மகனும் பூசலிட வேண்டியதில்லை.

வானொலி நாடகமும் இளையோர்க்கு நல்லதொரு பள்ளியாகும். அங்கே முகவெட்டும் உடையலங்காரமும் உதவா; குரல் ஒன்றே கருவி. ஒலிவாங்கியின் முன் நிற்பவர் உரத்துக் கத்த வேண்டுவதில்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதுபோலப் பேசினாற் போதும். கையிலுள்ள தாள் சரசரக்கக் கூடாது. ‘ப’கரத்தை வெடித்து ஒலித்தால் மூச்சுக் காற்று இடிபோலக் கேட்கும், முகத்தைச் சற்றே ஒருபுறம் திருப்பி நின்றால் அக்குற்றம் நீங்கும். லகர ளகர ழகரங்களும் ரகர றகரங்களும் பிறழாது ஒலிக்கவேண்டும். அத்துடன், யாழ்ப்பாணத்துக் கமக்காரனும் மட்டக்களப்பு மீனவனும் மலையகத் தோட்டத் தொழிலாளியும் பேசும் தமிழ் வெவ்வேறு என்பதை உணர்ந்து, அவரவர் பேச்சை எள்ளலின்றிப் பேசிக் காட்டவும் அறிதல் வேண்டும்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பயிற்சி யாது? நாள்தோறும் கால் மணி நேரம் உரத்து வாசித்தல். சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் மனிதர் நிற்கும் விதத்தையும் நடக்கும் விதத்தையும் கூர்ந்து நோக்குதல். வெவ்வேறு உணர்ச்சியுடைய இரு சிறு பகுதிகளை எப்போதும் நெட்டுருவில் வைத்திருத்தல். தேர்வுக்கு அழைப்பு வரின் அவை கைகொடுக்கும். பாடசாலை நாடகத்திலே வேடம் கிடையாவிடின், திரை இழுக்கவும் ஒப்பனைக்கு உதவவும் முன்வருதல். மேடையின் பின்புறத்தை அறிந்தவன் முன்புறத்திலே தடுமாறான். மகரக்கட்டுப் பருவத்திற் குரலை வருத்தாது இருத்தலும் இன்றியமையாதது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். சினிமாவிற் சேர்த்துவிடுவதாகச் சொல்லிப் பணம் கேட்போர் உளர். நடிகருக்குக் கூலி கொடுப்பதே வழக்கம்; வேடம் தருவதற்கு நடிகரிடம் பணம் கேட்பவரை நம்பலாகாது. பயிற்சிக்குக் கட்டணம் செலுத்துவது வேறு; வாய்ப்புக்கு விலை கொடுப்பது வேறு. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் அறியாமல் எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடக் கூடாது. தேர்வுக்கோ ஒத்திகைக்கோ தனியே செல்லவும் கூடாது. தனியறைக்கு வா, வீட்டாருக்குச் சொல்லாதே என்று ஒருவர் கூறுவாராயின், அவர் எவ்வளவு பெயர் பெற்றவராயினும் அங்கிருந்து உடனே நீங்குவதே அறிவு. இது பெண்பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஆண்பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

இவ்விடத்திலேதான் பெற்றோரின் கடமை தெளிவாகின்றது. வீட்டிலே சினந்து அடக்கப்பட்ட பிள்ளை, விருப்பத்தை விட்டுவிடுவதில்லை, அதனை மறைத்துக்கொள்கிறது. மறைவிலே செல்லும் பிள்ளையே வஞ்சகர் கையில் அகப்படுகிறது. தகப்பனார் ஒருநாள் மகனுடன் ஒத்திகைக்குச் சென்று ஓர் ஓரமாக அமர்ந்திருப்பாராயின், அங்கே நடப்பது எத்தகைய உழைப்பு என்பதை அவர் காண்பார். தகப்பனார் தம்மை நம்பி வந்திருக்கிறார் என்பதை மகனும் உணர்வான். பரீட்சையையும் தவறவிடக் கூடாது, ஒத்திகையையும் தவறவிடக் கூடாது என்று இருவரும் உடன்பட்டு ஓர் ஒழுங்கு செய்துகொள்வது அதன்பின் கடினமன்று. அவன் நாளை புகழ்பெற்ற நடிகனாகலாம், ஆகாமலும் போகலாம். ஆயினும், திருத்தமாகப் பேசவும், பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணரவும், பலரோடு கூடி உழைக்கவும் பழகியிருப்பான். ஆசிரியனாயினும் வணிகனாயினும் அப்பழக்கம் அவனுக்கு வாழ்நாள் முழுவதும் பயன்படும்.