தீப்பெட்டி லேபிளும் கேம் சர்வரும்

2024 மார்ச் 31-ல் யூபிசாப்ட் நிறுவனம் சர்வரை நிறுத்தியதும் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய கேம் செத்துப்போனது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்குக்கூடத் தனியாக விளையாட வழியில்லாமல் போனது. இப்படிக் கைவிட்ட கேமுக்கு ரசிகர்களே சர்வர் எழுதலாமா? எழுத வேண்டுமானால், கேமும் சர்வரும் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்று அக்கக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதைத்தான் ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்கிறார்கள்.

இதிலுள்ள சட்டம் சிவகாசிக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். குச்சிக்கு மருந்து முக்கும் வித்தையை யாரும் கற்கலாம். அடுத்தவர் பெட்டியின் லேபிள் படத்தை அப்படியே அச்சடித்தால் வழக்கு வரும். பதிப்புரிமை காப்பது படைப்பை, செய்முறையை அல்ல.

மென்பொருளுக்கும் அதுவே விதி. இந்தியாவின் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில், 1999 திருத்தம் ஒரு விலக்கைச் சேர்த்தது. முறைப்படி வாங்கிய மென்பொருளோடு, சொந்தமாக எழுதிய மென்பொருள் இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பிரித்து எடுக்கலாம். அது வேறு வழியில் எளிதில் கிடைக்காததாக இருக்க வேண்டும். ஆக, கசிந்த சர்வர் நிரலை வைத்து சர்வர் நடத்துபவருக்கு இந்த விலக்கு உதவாது.

சிக்கல், திருட்டுப் பயன்பாட்டைத் தடுக்க நிறுவனம் போடும் டிஜிட்டல் பூட்டில் இருக்கிறது. அமெரிக்காவில் சிலர் கேம் நிறுவனமான பிளிசார்டின் பேட்டில்.நெட் என்ற ஆன்லைன் விளையாட்டுச் சேவைக்கு மாற்றாக 'பிநெட்டி' என்ற இலவச சர்வரை எழுதினார்கள். திருட்டு சிடியைக் கண்டுபிடிக்கும் சோதனை அதில் இல்லை. ரிவர்ஸ் இன்ஜினியரிங் கூடாது என்ற உரிம ஒப்பந்தத்தை மீறினார்கள், பூட்டை உடைத்தார்கள் என்று 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிளிசார்டுக்கே தீர்ப்பளித்தது. என் பார்வையில் கடுமையான தீர்ப்புதான். நம் சட்டத்தின் 65ஏ பிரிவு (2012) உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் மட்டுமே தண்டிக்கிறது. இரண்டாண்டு வரை சிறை. ஆனால் 'ஐ அக்ரி' என்று நாம் படிக்காமலே அழுத்தும் ஒப்பந்தம் ரிவர்ஸ் இன்ஜினியரிங் விலக்கைப் பறிக்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் சொல்வதுபோல நம் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

'கைவிட்ட கேம்' என்ற வாதமும் தனியாக நிற்காது. சர்வரை மூடினாலும் படம், இசை, பெயர் எல்லாம் நிறுவனத்தின் சொத்துதான். பழைய 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டை ரசிகர்கள் நடத்திய நாஸ்டால்ரியஸ் சர்வரை 2016-ல் வக்கீல் நோட்டீஸ் விட்டு மூடவைத்த பிளிசார்ட், 2019-ல் அதே பழைய வடிவத்தைத் தானே சந்தா வாங்கி நடத்தத் தொடங்கியது.