சலுகை விலையில் சர்வர் மென்பொருள்: உரிமத்தைப் படித்த பின் வாங்குவோம்

எங்கள் பள்ளி நூலகத்தில் உள்ள 4,000 நூல்களின் விவரங்களை ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து கணினியில் பதிவு செய்தார்கள். சர்வர் கணினி, முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்தது. அதில் தரவுத்தள மென்பொருளை நிறுவிக் கொடுத்தவர், "வெளியே விற்கும் விலையில் பத்தில் ஒரு பங்குதான் சார், அசல்தான்" என்று சொல்லி ரசீதும் தந்தார். ஜூனில் தொடங்கிய வேலை அது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் காலை நூலகப் பட்டியல் திறக்கவே இல்லை.

விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. நிறுவப்பட்டிருந்தது மைக்ரோசாப்ட் எஸ்கியூஎல் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பு. வாங்கும் முன் சோதித்துப் பார்ப்பதற்காக 180 நாட்களுக்கு இலவசமாகத் தரப்படுவது அது. நாள் முடிந்ததும் சேவை நின்றுவிடும். நல்லவேளையாக, தரவுக் கோப்புகள் அழிவதில்லை. அவற்றை நகலெடுத்து, அதே ஆண்டு வெளியீட்டின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவி, அதில் இணைத்து மீட்டோம். இலவசமாகக் கிடைப்பதற்குத்தான் பணம் கொடுத்திருக்கிறோம்!

இந்த அனுபவம் எங்களுக்குக் கற்றுத்தந்தது ஒன்றே: விலையைக் கேட்கும் முன் உரிமத்தைப் படிக்க வேண்டும்.

எதை எண்ணுகிறார்கள்?

மென்பொருளை வாங்கும்போது நாம் வாங்குவது அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே. அந்த அனுமதிதான் உரிமம். எதை எண்ணி விலை போடுகிறார்கள் என்பதே இதில் முக்கியம். எஸ்கியூஎல் சர்வரின் ஸ்டாண்டர்டு பதிப்பை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழியில் சர்வருக்கு ஓர் உரிமம் வாங்க வேண்டும். அதனுடன், அதை அணுகும் ஒவ்வொரு நபருக்கோ ஒவ்வொரு கருவிக்கோ தனி அணுகல் உரிமமும் வேண்டும். அலுவலகத்தில் உள்ள 3 கணினிகளை 24 ஆசிரியர்கள் மாறிமாறிப் பயன்படுத்தினால், கருவிக் கணக்கில் 3 உரிமங்கள் போதும்; நபர் கணக்கில் 24 வேண்டும். தலைமையாசிரியர் ஒருவரே மேசைக் கணினி, மடிக்கணினி, கைப்பேசி மூன்றிலும் பார்க்கிறார் என்றால் நபர் கணக்கே சிக்கனம்.

இரண்டாம் வழியில், ஆட்களை எண்ணாமல் சர்வர் பிராசசரில் உள்ள கோர்களை எண்ணுகிறார்கள். ஒரு பிராசசரில் 2 கோர்களே இருந்தாலும் குறைந்தது 4 கோர்களுக்கு உரிமம் எடுக்க வேண்டும்.

பலரும் தவறுவது இங்கேதான். 600 மாணவர்களின் பெற்றோர் பள்ளி இணையதளம் வழியாக விவரங்களைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தளத்துடன் பேசுவது இணையதளம் ஒன்றுதானே என்று ஓர் அணுகல் உரிமம் எடுத்தால் போதாது. இடையில் எது இருந்தாலும், கடைசியில் பயன்படுத்துவோரே கணக்கு. அத்தகைய பயன்பாட்டுக்குக் கோர் கணக்கே பொருந்தும்.

இலவசத்திலும் வகைகள்

எக்ஸ்பிரஸ் பதிப்பை அன்றாடப் பணிக்கே இலவசமாகப் பயன்படுத்தலாம். 2022 வெளியீட்டில் ஒரு தரவுத்தளத்தின் அளவு வரம்பு 10 ஜிபி. ஒரு நூலின் விவரத்துக்கு 2 கேபி என்று வைத்தாலும், எங்கள் 4,000 நூல்களுக்கு ஏறத்தாழ 8 எம்பிதான் ஆகும்.

டெவலப்பர் பதிப்பில் எல்லா வசதிகளும் உண்டு, அதுவும் இலவசம். ஆனால் மென்பொருளை உருவாக்கவும் சோதிக்கவும் மட்டுமே அதற்கு அனுமதி. பள்ளியின் உண்மையான பதிவேட்டை அதில் நடத்தினால் உரிம மீறலாகும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல், மரியாடிபி, மைஎஸ்கியூஎல் சமூகப் பதிப்பு ஆகியவை திறந்தமூல மென்பொருள்கள். இவற்றைப் பள்ளிக்குள் பயன்படுத்த ஆட்களையோ கோர்களையோ எண்ண வேண்டியதில்லை. நூலகங்களுக்கான கோஹா மென்பொருள் மரியாடிபி, மைஎஸ்கியூஎல் இரண்டிலும் இயங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் மைஎஸ்கியூஎல் இருப்பதால், நம் கணினி ஆசிரியர்களுக்கு இது புதிதுமல்ல. ஆனால் பராமரிக்க ஆள் வேண்டும், காப்பு நகல் எடுக்க வேண்டும். உரிமக் கட்டணம் இல்லை என்பதால் உழைப்பும் இல்லை என்று ஆகாது.

எது உண்மையான சலுகை?

கல்வி நிறுவனங்களுக்கென்று தனிச் சலுகை விலை இருப்பது உண்மைதான். அது அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் வழியாக, நாம் கல்வி நிறுவனம் என்பதை உறுதி செய்த பின், பள்ளியின் பெயரிலேயே கிடைக்கும். மிகக் குறைந்த விலைக்கு வெறும் எண்-எழுத்துச் சாவியை மட்டும் அனுப்பினால் எச்சரிக்கை தேவை. அது வேறொரு நிறுவனம் மொத்தமாக வாங்கிய உரிமத்தின் சாவியாக இருக்கலாம். சாவியைக் கணினி ஏற்றுக்கொண்டது என்பது உரிமம் நம்முடையது என்பதற்குச் சான்றாகாது.

சட்டமும் இதில் கண்டிப்பானது. முறைகேடான நகல் என்று தெரிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். இலாப நோக்கோ வணிகமோ இல்லாதபோது, தகுந்த காரணங்களைப் பதிவு செய்து சிறையின்றி அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு.

வாங்கும் முன் கேட்போம்

1. நமக்குத் தேவையான அளவு என்ன? இலவசப் பதிப்பே போதுமா?
2. ரசீதில் மென்பொருளின் பெயரோடு பதிப்பின் பெயரும் உள்ளதா?
3. உரிமம் எதை எண்ணுகிறது: நபரா, கருவியா, கோரா?
4. உரிமச் சான்று பள்ளியின் பெயரில் உள்ளதா? காலவரம்பு உண்டா?
5. நாளை இது நின்றுபோனால் தரவை வெளியே எடுக்க முடியுமா? எடுத்துப் பார்த்திருக்கிறோமா?

ஐந்தாவது கேள்வியை நாங்கள் தாமதமாகத்தான் கேட்டோம். இப்போது ஒவ்வொரு வெள்ளி மாலையும் நூலகத் தரவின் நகல் ஒன்று தலைமையாசிரியர் அறை அலமாரிக்குப் போகிறது. மென்பொருளைப் பணம் கொடுத்து மறுபடி வாங்கிவிடலாம். நாற்பது பிள்ளைகள் ஒரு பருவம் முழுக்க மதிய இடைவேளையை விட்டுக்கொடுத்துச் செய்த வேலையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.