உணவுக்கு முன் ஒரு குவளை: கொல்கத்தாவின் பருவகாலப் பானங்கள்

பசியைத் தூண்டுவதற்காக உணவுக்கு முன் சிறிதளவு பானம் அருந்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அப்பானங்களில் பெரும்பாலும் புளிப்போ கசப்போ மேலோங்கி நிற்கும். அச்சுவைகள் உமிழ்நீரைச் சுரக்கச் செய்து நாவை உணவுக்கு ஆயத்தப்படுத்துகின்றன. உலகப் புகழ்பெற்ற ஜின்-டானிக் கலவையின் கசப்புக்குக் காரணம் மலேரியா மருந்தான கொய்னா. அது சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைப்பது. 1860களில் அரசு அம்மரங்களை நம் நீலகிரியிலும் டார்ஜிலிங் மலைப்பகுதியிலும் பயிரிட்டது. ஆங்கிலேயர் அம்மருந்தின் கசப்பைத் தணிக்கச் சர்க்கரையும் மதுவும் சேர்த்தனர்.

கொல்கத்தாவின் சிறப்போ மதுவில்லாத சர்பத்தில் இருக்கிறது. கல்லூரிச் சதுக்கத்தை ஒட்டியுள்ள 'பாரமவுண்ட்' கடையை 1918இல் நீகார் ரஞ்சன் மஜும்தார் தொடங்கினார். சர்பத் விற்ற அக்கடையின் பின்புறத்தில் விடுதலைப் போராளிகள் கூடிப் பேசினர் என்பர். அங்கு புகழ்பெற்ற 'டாப் சர்பத்' இளநீரும் வழுக்கையும் சேர்ந்தது. குறைந்த செலவில் மாணவர்களின் பசியும் தாகமும் தணிய வேண்டும் என்று எண்ணிய வேதியியல் அறிஞர் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய் அதன் செய்முறையை வழங்கினார் என்று கூறப்படுகிறது. ஒரு நூற்றாண்டைக் கடந்தும் அக்கடை மாணவர் கூட்டத்தால் நிறைந்திருக்கிறது.

சித்திரை, வைகாசி மாதங்களில் வங்காள வீடுகளில் தயாராவது 'ஆம் போரா' சர்பத். இரண்டு மாங்காய்களைத் தணலில் தோல் கருகும்வரை சுட்டு, ஆறியபின் தோலுரித்துச் சதையைப் பிசைந்துகொள்ள வேண்டும். அதனுடன் சர்க்கரை, கறுப்பு உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம், குளிர்ந்த நீர் ஆகியவற்றைக் கலந்தால் நால்வருக்குப் போதும். சுட்ட மணமே இதன் தனிச்சுவை.

மற்றொன்று 'கோல்' எனப்படும் மோர். ஒரு கோப்பைத் தயிருக்கு இரண்டு கோப்பை நீர் விட்டுக் கடைந்து, உப்பும் சிறிது சர்க்கரையும் சேர்ப்பர். 'கொந்தொராஜ்' எலுமிச்சையின் தோலை மேலாகத் துருவித் தூவுவதே இதன் உயிர். தோலுக்கடியிலுள்ள வெண்பகுதி சேர்ந்தால் மோர் கசந்துவிடும். அப்பழம் கிடைக்காத நம் ஊர்களில் கசக்கிய நாரத்தை இலை அதன் இடத்தை ஓரளவு நிரப்பும். இராமநவமிக்கு நீர்மோரும் பானகமும் வழங்கும் நமக்கு இச்சுவைகள் அந்நியமானவை அல்ல.

சில எச்சரிக்கைகளும் தேவை. உணவுக்கு அரைமணி நேரத்திற்கு முன் சிறு குவளையளவு போதுமானது. மிகுதியாக அருந்தினால் பசி தூண்டப்படுவதற்கு மாறாக அடங்கிவிடும். நீரிழிவு உள்ளோர் சர்க்கரையைத் தவிர்க்கலாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே அருந்த வேண்டும். பனிக்கட்டியைக் காய்ச்சி ஆறிய நீரில் உறையவைப்பது நலம்.

இந்தக் கோடையில் விருந்தினர் வரும்போது, புட்டியில் அடைத்த குளிர்பானத்திற்கு மாற்றாக ஒரு மாங்காயைச் சுட்டுப் பாருங்கள். செலவு சிறிது, விருந்தின் சுவையோ பெரிது.