குளிர் வருமுன் சேர்த்து வை!

ஆகஸ்ட் மாதம் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் பெயரைத் தாங்கியது என்று படித்திருப்பீர்கள். உக்ரைன் நாட்டு மக்கள் தங்கள் மொழியில் அதைச் ‘செர்ப்பென்’ என்கிறார்கள். ‘செர்ப்’ என்றால் கதிர் அரிவாள். அக்டோபரின் பெயர் ‘ஜோவ்தென்’. மஞ்சள் நிறம் என்னும் சொல்லிலிருந்து வந்தது. நவம்பர் ‘லிஸ்தொபாத்’, அதாவது இலை உதிர்வது. அவர்களுடைய நாட்காட்டியை வயலும் மரமுமே எழுதியிருக்கின்றன.

அந்த நாட்டின் நடுப்பகுதியில் பொல்தாவா நகரைச் சுற்றியுள்ள கிராமங்களை எடுத்துக்கொள்வோம். அங்கே டிசம்பர் இறுதியில் பகற்பொழுது எட்டு மணி நேரம்தான். மண் உறைந்துவிடும், பல மாதங்களுக்கு வயலில் எதுவும் வளராது. அப்படியானால் மனிதரும் மாடும் கோழியும் அதுவரை எதை உண்பது? இலையுதிர் காலத்தில் சேர்த்து வைத்ததைத்தான். அந்த ஊரின் இலையுதிர்கால வேலைகள் எல்லாமே சேமிப்புக் கலையின் பாடங்கள்.

மண்ணே ஒரு சேமிப்பு

முதற் சேமிப்பைச் செய்தவர் மனிதர் அல்லர், புல். உக்ரைனின் விளைநிலத்தில் பாதிக்கும் மேல் ‘செர்னோசெம்’ என்ற கரிய மண்தான். சில இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்கும் மேலாகக் கருமை இறங்கியிருக்கும். பனியூழிக்குப் பின் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளாக இங்கே உயரமான புற்கள் முளைத்து மடிந்தன. அவற்றின் வேர்கள் மண்ணுக்குள்ளேயே மக்கின. கடுங்குளிரும் கோடை வறட்சியும் நுண்ணுயிர்களின் வேலையை ஆண்டுதோறும் நிறுத்தி வைத்ததால், மட்கு முழுவதும் சிதையாமல் தங்கிவிட்டது. இந்த மண் பிறந்த விதத்தை 1883-இல் வெளியான தம் நூலில் விளக்கியவர் வசீலி தொக்குச்சாயெவ். மண்ணியல் என்ற அறிவியல் துறைக்கே அந்த நூல் அடித்தளமாயிற்று.

வயலும் கொல்லையும்

சோவியத் காலத்துக் கூட்டுப் பண்ணைகள் இன்று இல்லை. அவற்றின் நிலம் கிராமத்தாருக்குப் பங்கிடப்பட்டது. பலர் தம் பங்கை வேளாண் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். குத்தகையின் ஒரு பகுதியைத் தானியமாகவே வாங்கிக் கோழிக்கும் பன்றிக்கும் போடும் வீடுகளும் உண்டு. ஆனால் வீட்டை ஒட்டிய கொல்லை அவர்கள் கையில்தான் இருக்கிறது. நாட்டின் உருளைக்கிழங்கில் பெரும்பகுதி இத்தகைய கொல்லைகளில்தான் விளைகிறது.

செப்டம்பரில் பெரிய வயல்களில் சூரியகாந்தி தலை கவிழ்ந்து நிற்கும். பூத்தட்டின் முதுகு மஞ்சளாகிப் பழுப்பேறினால் அறுவடை இயந்திரம் இறங்கும். விதையில் ஈரப்பதம் ஏறத்தாழ எட்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் குவியல் தானே சூடேறிக் கெட்டுவிடும். விதையும் உயிருள்ள பொருள். ஈரம் கிடைத்தால் வேகமாகச் சுவாசிக்கும். சுவாசம் வெப்பத்தை வெளிவிடும். 2022-க்கு முன் இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி இந்த நாட்டிலிருந்தே வந்தது.

அடுத்தது சர்க்கரை பீட்ரூட். அது முதலாண்டில் பூப்பதில்லை. மறு ஆண்டு பூப்பதற்காக வேரில் சர்க்கரையைச் சேர்த்து வைக்கிறது. அந்தச் சேமிப்பைத்தான் மனிதர் தோண்டி எடுக்கிறார்கள். தோண்டிய பிறகும் வேர் சுவாசித்து அந்தச் சர்க்கரையைச் செலவழிக்கும். எனவேதான் அக்டோபர்ச் சாலைகளில் லாரிகள் ஆலையை நோக்கி விரைகின்றன.

நிலவறையின் அறிவியல்

கிராம வீட்டு முற்றத்தில் மண்மேடு போன்ற ஒன்றைக் காணலாம். அதன் கதவைத் திறந்து படியிறங்கினால் நிலவறை. ‘போஹ்ரிப்’ என்பார்கள். மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே மேலே கடுங்குளிர் உறைய வைத்தாலும் உள்ளே உறைநிலைக்குச் சற்று மேலேயே வெப்பநிலை நிற்கும். அந்தக் குளிரில் உருளைக்கிழங்கு மெதுவாகச் சுவாசித்து வசந்தம்வரை தூங்கும். இருட்டும் முக்கியம். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகி, சொலானின் என்னும் நச்சுப் பொருள் கூடிவிடும்.

அங்கேயே ஒரு பீப்பாயில் முட்டைக்கோசு புளித்துக்கொண்டிருக்கும். கோசைப் பொடியாகச் சீவி, கிலோவுக்குச் சுமார் 20 கிராம் உப்பிட்டுப் பிசைந்து, கல்லை வைத்து அமுக்குவார்கள். உப்பு சாற்றை வெளியே இழுக்கும்; சாறு காற்றைத் தடுக்கும். அப்போது லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியாக்கள் பெருகும். அமிலம் ஏற ஏறக் கெடுக்கும் கிருமிகள் ஒடுங்கும். முதலில் வேலையைத் தொடங்கும் பாக்டீரியாவின் பெயர் லூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ். இதை நீங்களும் அறிவீர்கள்: உங்கள் வீட்டு இட்லி மாவைப் பொங்க வைப்பதில் இதற்கும் பங்குண்டு! இங்கே மாவை உப்ப வைக்கும் வாயு, அங்கே பீப்பாயில் குமிழியிடுகிறது. அதை வெளியேற்ற வீட்டுப் பெண்கள் அவ்வப்போது ஒரு குச்சியால் குத்திவிடுவார்கள். காய்கறி கிடைக்காத குளிர்காலத்தில் வைட்டமின் சி தருவது இந்தக் கோசுதான்.

குளிரைக் கேட்கும் கோதுமை

எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைக்கும் அதே நாட்களில் ஒன்றை மட்டும் வெளியே விதைக்கிறார்கள். அது குளிர்காலக் கோதுமை. செப்டம்பர், அக்டோபரில் விதைத்தது பனிக்கு முன் முளைத்துத் தூர்கட்டும். செல்களில் சர்க்கரையைச் சேர்த்து உறைபனியைத் தாங்கும் வலிமை பெறும். பின் பெய்யும் பனி அதற்குப் போர்வை. பனித்துகள்களிடையே அடைபட்ட காற்று மண்ணின் வெப்பத்தைக் காக்கிறது.

நம் நாட்டுக் கோதுமைக்குக் குளிர் கட்டாயமில்லை. இதற்கோ கட்டாயம். பல வாரக் குளிர் பட்டால்தான் கதிர்விடும். வசந்தத்தில் விதைத்தால் பெரும்பாலும் இலையாகவே நின்றுவிடும். இதைத் தட்பப்பதனம் என்பர். குளிர் வந்து போயிற்று என்று உறுதியான பிறகே பூக்கும் இந்த ஏற்பாடு, மென்கதிர் உறைபனியில் கருகாமல் காக்கிறது.

சேமிப்பு பறிபோனபோது

இவ்வளவு வளமான மண்ணில் பஞ்சம் வருமா? 1932-33-இல் வந்தது. மண்ணோ மழையோ மட்டும் அதற்குக் காரணமல்ல. ஸ்டாலின் அரசு கொள்முதல் அளவை நிறைவேற்றச் சொல்லித் தானியத்தை எடுத்துச் சென்றது. பல வீடுகளில் எஞ்சியிருந்த உணவையும் பறித்தது. 1932 ஆகஸ்ட் 7-ஆம் நாள் சட்டப்படி கூட்டுப் பண்ணை வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவதும் கடுங்குற்றம். உணவு தேடி வெளியேற முயன்ற உழவர்கள் தடுக்கப்பட்டார்கள். 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை ‘ஹொலொதொமோர்’ என்கிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் நான்காம் சனிக்கிழமை, அறுவடை முடிந்து நிலவறை நிரம்பியிருக்கும் காலத்தில், உக்ரைன் வீடுகளின் சன்னல்களில் அவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றப்படுகிறது.

2022 பிப்ரவரியில் தொடங்கிய ரஷ்யப் படையெடுப்பு கெர்சோன், மிக்கொலாயிவ், கார்க்கிவ் பகுதிகளின் வயல்களில் கண்ணிவெடிகளைப் புதைத்தது. 2023 ஜூன் 6-இல் ககோவ்கா அணை தகர்ந்ததில் தெற்கே பல பாசனக் கால்வாய்கள் வறண்டன. கண்ணிவெடிகள் புதைந்த வயலில் முதலில் இறங்குவது ஏரல்ல. வெடி அகற்றும் வீரரின் கருவி. அவர் தரையை அடி அடியாகத் தேடிச் சுத்தம் செய்த பின்பே டிராக்டர் வரும். அதுவும் அக்டோபர் முடிவதற்குள் வந்தாக வேண்டும், நண்பர்களே. கோதுமை குளிருக்காகக் காத்திருக்கும். குளிர் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.