இரண்டு ஊர்களும் ஒரு வட்ட நடையும்

இங்கிலாந்தில் ‘வட்ட நடை’ என்றொரு வழக்கம் உண்டு. ஓர் ஊரில் புறப்பட்டு, வயல் வரப்புகளின் வழியே அடுத்த ஊரை அடைந்து, சென்ற வழியே திரும்பாமல் வேறு வழியாகப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வது அது. தனியார் நிலத்தின் ஊடே செல்லும் ஒற்றையடிப் பாதைகள் பலவற்றிலும் மக்கள் நடக்கும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் காக்கிறது. அப்பாதைகளைப் படத்தில் குறித்து வைக்க 1949ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. அண்ணாமலையை 14 கிலோமீட்டர் வலம் வரும் தமிழர்க்குச் சுற்றி நடப்பது புதிதன்று. ஆயினும் தில்லியில் வாழும் நமக்கு நடை என்றால் விடுதியிலிருந்து மெட்ரோ நிலையம் வரைதான்!

தில்லியின் நடுவே வயலும் வரப்பும் ஏது என்று கேட்பீர்கள். வயல் இல்லை, ஊர்கள் உண்டு. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க நாம் செல்லும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் புறப்பட்டு, கோட்லா முபாரக்பூர், கைர்பூர் என்னும் இரண்டு ஊர்களைச் சுற்றி மீண்டும் அங்கேயே வந்து சேரலாம். ஏறத்தாழ 8 கிலோமீட்டர். நின்று நிதானித்துப் பார்த்தாலும் அரை நாள் போதும். இவ்விரண்டில் ஓர் ஊர் இருந்தும் கண்ணில் படுவதில்லை. மற்றொன்று இல்லாமலே போய்விட்டது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புறப்படும் இடத்தின் பெயரையே முதலில் எண்ணிப் பாருங்கள். ஐ.என்.ஏ. என்பது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர் பலர், தோட்டத் தொழிலாளர் உட்பட, அப்படையில் சேர்ந்தனர். அப்பெயரைத் தாங்கிய மார்க்கெட்டில் இன்று வாழைப்பூவும் காப்பித் தூளும் நமக்குக் கிடைப்பது பொருத்தம்தானே?

மார்க்கெட்டிலிருந்து தென்கிழக்கே திரும்பினால் கித்வாய் நகர். பழைய அரசாங்கக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, அங்கே இப்போது அடுக்கு மாடிகள் நிற்கின்றன. அவற்றின் இடையே லோதி காலத்துத் தரியா கானின் கல்லறை மேடை வானம் பார்த்துக் கிடக்கிறது. அதைக் கடந்து மேலும் கிழக்கே நடந்தால் சாலை சந்தாகிறது, சந்து முடுக்காகிறது. தலைக்கு மேல் மின் கம்பிகள். இருபுறமும் பாத்திரக் கடை, துணிக் கடை, தையற்கடை. இதுவே கோட்லா முபாரக்பூர்.

‘கோட்லா’ என்றால் சிறு கோட்டை. சையது மரபின் இரண்டாம் சுல்தான் முபாரக் ஷா, 1421 முதல் 1434 வரை ஆண்டவர், இங்கே அடக்கமாகியிருக்கிறார். யமுனைக் கரையில் புதிய நகரொன்றை எழுப்பி வந்தபோது அவர் கொலையுண்டார். அவருடைய கல்லறையைச் சூழ்ந்த மதிலுக்குள்ளும் வெளியிலும் நாளடைவில் ஊர் வளர்ந்தது. இன்று எண்கோணக் கல்லறையைச் சுற்றி நாற்புறமும் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வழி கேட்காமல் அதைக் காண்பது அரிது.

ஊர் இவ்வாறு நெருங்கியதற்குக் காரணம் ஒரு சிவப்புக் கோடு! 1908ஆம் ஆண்டளவில், நிலவரிப் படங்களில் வீடுகள் உள்ள பகுதியைச் சிவப்புக் கோட்டால் வளைத்து, வயலிலிருந்து பிரித்துக் காட்டினர். இதனை ‘லால் டோரா’ என்பர். பின்னாளில் நகரம் பரவியபோது வயல்கள் கைமாறிக் காலனிகளாயின. கோட்டுக்குள் இருந்த வீடுகளே ஊராருக்கு எஞ்சின. கட்டட விதிகளும் அக்கோட்டுக்குள் நெடுங்காலம் தளர்ந்தே இருந்தன. உழுவதற்கு நிலமில்லாதவன் என்ன செய்வான்? வீட்டின் மேல் வீடு கட்டி வாடகைக்கு விட்டான். கோட்லாவில் மட்டுமன்று, மாணவர்கள் அறை தேடி அலையும் முனிர்க்காவிலும் கட்வாரியா சராயிலும் நடந்தது இதுவே.

கோட்லாவிலிருந்து வடக்கே ரயில் பாதையைத் தாண்டி, லோதி காலனியின் மரநிழலில் நடந்தால் லோதி தோட்டம் வரும். நம்மில் பலர் அறிந்த இடம். ஆனால் அதுவே கைர்பூர் என்னும் ஊராக இருந்ததை எத்தனை பேர் அறிவர்? கல்லறைகளைச் சுற்றிக் குடியிருந்த மக்களை அப்புறப்படுத்தி, புல்வெளி அமைத்து, 1936இல் வைசிராயின் மனைவி பெயரால் ‘லேடி வில்லிங்டன் பூங்கா’ எனத் திறந்தனர். விடுதலைக்குப் பின் அது லோதி தோட்டமாயிற்று.

முபாரக் ஷாவுக்குப் பின் அரியணை ஏறிய முகம்மது ஷா, அவருடைய உடன்பிறந்தான் மகன், இங்கே அடக்கமாகியிருக்கிறார். இதுவும் எண்கோணமே. சதுர அறையின் மேல் வட்டக் குவிமாடத்தை ஏற்ற வேண்டுமானால் நான்கு மூலைகளையும் வளைத்து நிரப்ப வேண்டும். எண்கோணமோ வட்டத்தை நெருங்கிய வடிவம், ஆகையால் வேலை எளிது. தில்லியில் எண்கோணக் கல்லறைக்கு முன்னோடி, நிஜாமுதீனில் உள்ள கான்-இ-ஜஹான் திலங்கானியின் கல்லறை. அவர் தெலங்கானத்திலிருந்து வந்து அமைச்சரானவர். நம்மைப் போலத் தெற்கத்தியர்! கோட்லாவில் குவிமாடம் தாழ்ந்து தோன்றுகிறது. இங்கே அதையும் சுற்றியுள்ள சிறு மண்டபங்களையும் உயர்த்தி அக்குறையை நீக்கியிருக்கிறார்கள். ஒரு சோதனையும் அதன் திருத்தமும் போல இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் ஒப்பிடலாம்.

திரும்பும் வழியில் 1754ஆம் ஆண்டைச் சேர்ந்த சப்தர்ஜங் கல்லறையைப் பார்த்துவிட்டுத் தெற்கே நடந்தால், வலப்புறம் பழைய விமான நிலையம். இடப்புறம் சற்று உள்ளே 1782இல் இறந்த நஜஃப் கானின் கல்லறை. மேலும் நடந்தால் மார்க்கெட்.

ஒரே குடும்பத்து இரு மன்னர்கள். இருவர்க்கும் ஏறக்குறைய ஒரே வடிவக் கல்லறைகள். ஓரிடத்தில் ஊர் காலி செய்யப்பட்டது, கல் பொலிகிறது. மற்றோரிடத்தில் ஊர் பிழைத்தது, கல் நெரிசலில் தவிக்கிறது. தோட்டம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவ்வழகுக்கு விலை கொடுத்தவர்கள் கைர்பூர் மக்கள். கோட்லாவின் நெரிசலைக் கண்டு முகம் சுளிக்குமுன் இதையும் எண்ணுதல் வேண்டும். பழஞ்சின்னத்தைக் காப்பதென்றால் அதனருகே வாழ்வோரையும் சேர்த்தே காக்கும் வழியைத் தேடுவதுதான் முறை. வயலை இழந்த ஊர்களுக்கு இன்று விளைச்சல் வாடகைதான். அந்த வாடகையைக் கொடுத்து அங்கே குடியிருப்பவர்களில் நாமும் உண்டு.

கார்த்திகை முதல் மாசி வரை நடைக்கு ஏற்ற காலம். கோட்லாவை முதலில் பாருங்கள், தோட்டத்தைப் பிறகு பாருங்கள். அந்த வரிசையில் நடந்தால்தான் புல்வெளியின் கீழ் ஓர் ஊர் இருந்தது மனத்தில் பதியும்.